போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும்: சொந்த மின்னஞ்சல் வழங்கியில் சிக்கல் வரும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த அமைப்பைப் பற்றியது?

டெபியன் அல்லது உபுண்டு ஓடும் ஒரு வாடகை வழங்கியை எடுத்துக்கொள்கிறோம். கடிதங்களை அனுப்பவும் பெறவும் அதில் போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கிறது. பெட்டியில் சேர்ந்த கடிதங்களை ஐமேப் வழியாகப் பயனரின் கைப்பேசிக்கு எடுத்துத் தருவதும், கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் டவ்காட்டின் வேலை. வெளியே போகும் கடிதத்தில் கையொப்பமிட ஓப்பன்டிகிம் இருக்கிறது. தனி ஆட்களும் சிறு நிறுவனங்களும் சொந்தமாக மின்னஞ்சல் நடத்தும்போது பெரும்பாலும் இந்தக் கூட்டணியைத்தான் நாடுகிறார்கள்.

போஸ்ட்ஃபிக்ஸை வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி, அது 1998 இறுதியில் வெளிவந்தது. டவ்காட்டை பின்லாந்துக்காரரான டிமோ சிராய்னென் 2002இல் வெளியிட்டார். வெவ்வேறு கைகளில் பிறந்த இந்த இரண்டு மென்பொருள்களும் தனித்தனியே மிகவும் உறுதியானவை. சிக்கல் எழுவது பெரும்பாலும் இவை ஒன்றையொன்று தொடும் இடத்திலும், இரண்டும், பெயர்களுக்குரிய ஐபி முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸையும் வெளி வலையமைப்பையும் தொடும் இடத்திலும்தான். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒட்டுகளைப் பற்றியவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கட்டளைகளின் பெயர்களையும் அமைவு வரிகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். திரையில் தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கடிதம் போய்ச் சேரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

பதிவுக் கோப்பை. அமைவுக் கோப்பைத் திறந்து ஊகத்தின் பேரில் வரிகளை மாற்றத் தொடங்குபவர்கள் ஒரு சிக்கலை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் தான் செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைக்கும் பழக்கமுடையது, அதைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெபியனின் பழைய பதிப்புகளில் 'வார்' கோப்புறைக்குள் 'லாக்' கோப்புறையில் மெயில்.லாக் என்ற கோப்பு இருக்கும். ரெட்ஹேட் வழிவந்த அமைப்புகளில் அதன் பெயர் மெயில்லாக். டெபியன் 12 முதல், பதிவுக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால் அந்தக் கோப்பே இல்லாமல் இருக்கலாம். அங்கே ஜர்னல்சிடிஎல் கட்டளையால்தான் பார்க்க வேண்டும். டெபியன் 12இல் இன்னொரு குழப்பமும் உண்டு: சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் போஸ்ட்ஃபிக்ஸின் நிலையைக் கேட்டால் 'ஆக்டிவ், எக்ஸிடட்' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு மென்பொருள் நின்றுவிட்டது என்று பதறுபவர்கள் பலர். அது வெறும் மேலுறை அலகு, உண்மையில் ஓடுவது பெயரின் பின்னே அட் குறியும் சிறுகோடும் சேர்ந்த மற்றோர் அலகு. அதன் பெயரைக் கொடுத்துக் கேட்டால்தான் பதிவு வரிகள் கிடைக்கும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு வரிசை எண் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கிரெப் கட்டளைக்குக் கொடுத்துத் தேடினால், கடிதம் உள்ளே வந்தது முதல் வெளியேறியது வரை எல்லா வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். இடையில் வைரஸ் வடிகட்டி போன்ற ஒன்றின் வழியே கடிதம் சென்று திரும்பினால் வரிசை எண் மாறிவிடும். அப்போது மாறாமல் தொடர்வது மெசேஜ்-ஐடி மட்டுமே, அதைக் கொண்டு அடுத்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

கடிதத்தை ஒப்படைக்க முயன்றதைச் சொல்லும் வரியில் 'ஸ்டேட்டஸ்' என்பதை அடுத்து மூன்று சொற்களில் ஒன்று வழக்கமாக இருக்கும். 'சென்ட்' என்றால் எதிர்முனை வழங்கி கடிதத்தை ஏற்றுக்கொண்டது. 'டிஃபர்டு' என்றால் இப்போதைக்கு முடியவில்லை, மீண்டும் முயல்வேன் என்று பொருள். 'பவுன்ஸ்டு' என்றால் கைவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லியாயிற்று. 'சென்ட்' என்று இருந்தும் பெறுநர் தமக்கு வரவில்லை என்று சொன்னால் கடிதம் அவருடைய எரித (ஸ்பாம்) அடைவில் கிடக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்முனை அதை எங்கே வைத்தது என்பதை நம் பதிவுக் கோப்பு அறியாது.

அதே வரியில் 'டிலேஸ்' என்ற பெயரில் சாய்கோடுகளால் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். பலர் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இந்த எண்கள் மிகவும் பயனுள்ளவை. முதலாவது, கடிதம் வரிசை மேலாளரிடம் வந்து சேர எடுத்த நேரம். இரண்டாவது, வரிசை மேலாளரிடம் காத்திருந்த நேரம். மூன்றாவது, டிஎன்எஸ் தேடல், இணைப்பு, மறையாக்க உடன்பாடு ஆகியவற்றுக்கு எடுத்த நேரம். நான்காவது, கடிதத்தைக் கைமாற்றிய நேரம். 0.08, 0.01, 30, 0 என்று இருந்தால் நம் பக்கத்தில் எந்தத் தாமதமும் இல்லை, எதிர்முனையின் கதவைத் தட்டி முப்பது விநாடி நின்றும் யாரும் திறக்கவில்லை என்று அறியலாம்.

மறுப்பில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

முதல் இலக்கம் போதும். 2 என்றால் ஏற்பு, 4 என்றால் தற்காலிக மறுப்பு, 5 என்றால் நிரந்தர மறுப்பு. 1982இல், வழங்கிகள் கடிதங்களைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறை வரையறுக்கப்பட்ட காலத்திலிருந்து இதுவே வழக்கம். 4இல் தொடங்கும் பதிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அறிமுகமில்லாத வழங்கிகளிடம் சில நிமிடம் கழித்து வா என்று சொல்லும் சாம்பல்பட்டியல் முறையும் 450 என்றுதான் பதில் தரும், ஓரிரு முயற்சிகளில் கடிதம் போய்விடும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள்கள் வரை விடாமல் முயலும். முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை நீளும்.

வெளியே அனுப்பும் எல்லாக் கடிதமும் 'கனெக்ஷன் டைம்டு அவுட்' என்று நின்றுவிடுகிறது. ஏன்?

ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் இப்படி நேர்ந்தால் எதிர்முனை பழுது. எல்லா முகவரிகளுக்கும் நேர்ந்தால் வழங்கிகள் தமக்குள் கடிதங்களைக் கைமாற்றும் வாயிலான போர்ட் 25ஐ வாடகைக்கு விட்டவர் அடைத்திருக்கிறார் என்பதே பெரும்பாலும் விடை. எரிதம் அனுப்புவோரைத் தடுக்க மேகக்கணினி நிறுவனங்கள் செய்யும் வழக்கமான ஏற்பாடு இது. கூகுள் கிளவுடில் வெளியே செல்லும் போர்ட் 25 பெரும்பாலும் மூடப்பட்டிருக்கிறது. அமேசானின் ஈசி2வில் அதை நீக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். வழங்கியிலிருந்து டெல்நெட் கட்டளையால் பெரிய நிறுவனம் ஒன்றின் அஞ்சல் வழங்கிக்குப் போர்ட் 25இல் இணைய முயன்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் இது தெளிவாகிவிடும். இணைப்பு கிடைக்கவில்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸில் எதைத் திருத்தியும் பயனில்லை. அடைப்பை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், மறுத்தால் போர்ட் 587 வழியாகக் கடிதங்களை ஏற்கும் இடைவழங்கி ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். அந்தப் போர்ட்டையும் சேர்த்து மூடும் நிறுவனங்களும் உண்டு என்பதால் வழங்கியை வாடகைக்கு எடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

வெளியிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, பதிவுக் கோப்பும் அமைதியாக இருக்கிறது. என்ன செய்வது?

பதிவுக் கோப்பு அமைதியாக இருப்பதே ஒரு தகவல்தான்: யாரும் நம் கதவைத் தட்டவே இல்லை. உங்கள் டொமைனுக்கான கடிதங்களை எந்த வழங்கி பெறும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு இருக்கிறதா, அது ஒரு பெயரைச் சுட்டுகிறதா என்று டிக் கட்டளையால் பாருங்கள். எம்எக்ஸ் பதிவில் ஐபி முகவரியை நேரடியாக எழுதக் கூடாது, அது சுட்டும் பெயர், வேறொரு பெயரின் மறுபெயரான சிநேம் பதிவாகவும் இருக்கக் கூடாது. அது சரியென்றால் தீச்சுவரில் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைவுக் கோப்பான மெயின்.சிஎஃப் கோப்பில் 'ஐநெட் இன்டர்ஃபேசஸ்' என்ற வரியைப் பாருங்கள். நிறுவும்போது 'உள்ளூர் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது 'லூப்பேக்-ஒன்லி' என்று இருக்கும், வெளியுலகத்துக்கு வழங்கியின் கதவு இருப்பதே தெரியாது. இதை 'ஆல்' என்று மாற்றிய பிறகு ரீலோடு செய்தால் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

'ரிலே ஆக்சஸ் டினைடு' என்று வருகிறது. இது பிழையா?

பெரும்பாலும் இது போஸ்ட்ஃபிக்ஸ் தன் கடமையைச் செய்ததற்கான அடையாளம். 'இந்தக் கடிதம் என்னுடைய டொமைனுக்கு வந்ததும் அன்று, அனுப்புபவரை எனக்குத் தெரியவும் தெரியாது. இதை நான் ஏன் சுமக்க வேண்டும்?' என்று அது கேட்கிறது. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து இந்த மறுப்பு எழுகிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

உங்கள் பயனர் வெளியே அனுப்ப முயலும்போது எழுந்தால் அவர் கடவுச்சொல் கொடுத்து உள்நுழையவில்லை என்று பொருள். கைப்பேசியில் போர்ட் 25 என்று பதித்திருப்பார், அல்லது வெளியனுப்பும் பகுதியில் உள்நுழைவைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பார். பயனர்களுக்குரியவை 465, 587 ஆகிய போர்ட்கள்தான். வெளியார் உங்களுக்கு எழுதும்போது எழுந்தால், உங்கள் டொமைன் பெயரை 'மை டெஸ்டினேஷன்' வரியிலோ மெய்நிகர்ப் பெட்டிகளுக்கான டொமைன் பட்டியலிலோ சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.

இந்த மறுப்பை ஒழிக்க 'மை நெட்வொர்க்ஸ்' வரியில் அகலமான முகவரித் தொகுதியை எழுதி வைப்பது மிக ஆபத்தான குறுக்குவழி. அந்தப் பட்டியலில் உள்ள எவரும் கடவுச்சொல் இல்லாமல் உலகின் எந்த மூலைக்கும் உங்கள் பெயரால் அனுப்பலாம். டாக்கர் பெட்டிக்குள் போஸ்ட்ஃபிக்ஸை ஓட்டுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்துடன் இருக்க வேண்டும். டாக்கரின் சில வலையமைப்பு அமைவுகளில் வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளும் அதன் உள்நுழைவாயிலான 172.17.0.1 போன்ற ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தோன்றும். அந்தத் தொகுதியை நம்பகமானது என்று எழுதிவிட்டால் ஊருக்கே பொதுவான திறந்த வழங்கியாக அது மாறிவிடும். எரிதக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகாது.

'யூசர் அன்னோன்' என்று நம் சொந்தப் பயனரையே மறுக்கிறது. ஏன்?

அந்த மறுப்பின் வால்பகுதியைப் படியுங்கள். 'லோக்கல் ரெசிப்பியன்ட் டேபிள்' என்று முடிந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் அந்த டொமைனை யூனிக்ஸ் கணக்குகளுக்குரியதாக எண்ணித் தேடியிருக்கிறது. 'விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்' என்று முடிந்தால் தரவுத்தளத்தில் அல்லது வரைபடக் கோப்பில் தேடியிருக்கிறது. ஒரே டொமைனை 'மை டெஸ்டினேஷன்' வரியிலும் மெய்நிகர்ப் பட்டியலிலும் எழுதுவது மிகப் பரவலான தவறு. அப்போது பதிவுக் கோப்பில் இரண்டிலும் எழுதாதே என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கும். வரைபடக் கோப்பைத் திருத்திவிட்டு போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறப்பதும், அலியாஸ் கோப்பைத் திருத்திவிட்டு நியூஅலியாசஸ் கட்டளையை ஓட்ட மறப்பதும் அடுத்த காரணங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது நீங்கள் திருத்திய உரைக்கோப்பை அன்று, அதிலிருந்து உருவான தரவுக்கோப்பை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுப்பும்போது உள்நுழைய முடியவில்லை. ஆனால் கடிதங்களைப் படிக்க முடிகிறது.

படிக்க முடிகிறது என்றால் டவ்காட்டும் கடவுச்சொல்லும் நலம், பழுது டவ்காட்டுக்கும் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் இடையிலான ஒட்டில் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் தானே கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை, ஒரே கணினியில் மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயிலான ஒரு சாக்கெட் வழியாக டவ்காட்டிடம் கேட்கிறது. எந்த வகையினரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் சைரஸ் என்ற வேறொரு மென்பொருளைத் தேடிப்போகும். ஆகவே உள்நுழைவைக் கவனிக்கும் சாசல் வகை 'டவ்காட்' என்றும், சாக்கெட்டின் பாதை 'பிரைவேட்' கோப்புறையில் உள்ள 'ஆத்' என்றும் எழுத வேண்டும்.

மறுபுறம், டவ்காட்டின் 10-மாஸ்டர் அமைவுக் கோப்பில் அந்தச் சாக்கெட்டைப் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புறைக்குள்ளே, போஸ்ட்ஃபிக்ஸ் பயனருக்கு உரியதாக, 0660 அனுமதியுடன் உருவாக்கச் சொல்ல வேண்டும். டெபியனில் அந்தப் பகுதி இயல்பாகக் குறிப்புரையாக முடக்கப்பட்டிருக்கும். முடக்கத்தை நீக்கும்போது மூடும் அடைப்புக்குறியின் முன்னுள்ள குறியையும் நீக்க வேண்டும். அந்த ஒரு குறிக்காக ஒரு மாலைப்பொழுதை இழந்த அனுபவம் இதை எழுதுபவருக்கு உண்டு.

பதிவுக் கோப்பு 'சென்ட்' என்கிறது, பெறுவதும் நம் வழங்கிதான், ஆனால் பெட்டி காலியாக இருக்கிறது. கடிதம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை, டவ்காட் பார்க்காத இடத்தில் பத்திரமாக இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஒவ்வொரு பயனருக்கும் 'வார்' கோப்புறைக்குள் 'மெயில்' கோப்புறையில் ஒரே நீண்ட கோப்பாகக் கடிதங்களைச் சேர்க்கும். இது எம்பாக்ஸ் முறை. டவ்காட்டையோ நீங்கள் பயனரின் இல்லக் கோப்புறையில் மெயில்டிர் முறைப்படி பார்க்கச் சொல்லியிருப்பீர்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பாக இருக்கும், அவை 'நியூ', 'கர்', 'டெம்ப்' என்ற மூன்று உள்கோப்புறைகளில் கிடக்கும்.

மெயின்.சிஎஃப் கோப்பில் 'ஹோம் மெயில்பாக்ஸ்' வரியில் மெயில்டிர் என்று எழுதி இறுதியில் சாய்கோடு இட வேண்டும். அந்தச் சாய்கோடுதான் இது கோப்பு அன்று, கோப்புறை என்று சொல்கிறது. எழுதியும் மாறவில்லையென்றால் 'மெயில்பாக்ஸ் கமாண்ட்' என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கே முன்னுரிமை, அது இருக்கும்வரை மற்றது புறக்கணிக்கப்படும்.

இதற்கெல்லாம் மேலான வழி, பெட்டியில் வைக்கும் வேலையையும் அதற்கான நெறிமுறையான எல்எம்டிபி வழியாக டவ்காட்டிடமே ஒப்படைப்பது. வைப்பவரும் எடுப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. யூனிக்ஸ் கணக்குகளைப் பயன்படுத்துவோர் அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போஸ்ட்ஃபிக்ஸ் முழு முகவரியையும் கொடுக்கும், யூனிக்ஸ் கணக்குக்கோ டொமைன் பகுதி கிடையாது. பயனர் பெயரின் வடிவத்தைக் குறிக்கும் டவ்காட் அமைவில் டொமைனை வெட்டிவிடச் சொல்லாவிட்டால் 'யூசர் டஸின்ட் எக்ஸிஸ்ட்' என்று மறுக்கும்.

ஜிமெயில் நம் கடிதங்களை மறுக்கிறது, அல்லது எரித அடைவில் போடுகிறது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் மூன்று வழங்கிக்குள் இல்லை, டிஎன்எஸ்ஸில் இருக்கின்றன.

முதலாவது பிடிஆர் பதிவு. ஐபி முகவரியைக் கொடுத்துக் கேட்டால் உங்கள் வழங்கியின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி திரும்ப வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரும் அதுவாகவே இருப்பது நல்லது. இந்தப் பதிவை டொமைன் வாங்கிய இடத்தில் தேடினால் கிடைக்காது. ஐபி முகவரி யாருடையதோ அவரிடம், அதாவது வழங்கியை வாடகைக்கு விட்டவரின் கட்டுப்பாட்டுப் பலகையில்தான் இருக்கும். ஐபிவி6 முகவரிக்கும் இது தனியாக வேண்டும். நேற்றுவரை போன கடிதம் இன்று 5.7.25 என்று மறுக்கப்பட்டால், வழங்கி ஐபிவி6 வழியாகப் பேசத் தொடங்கியிருக்கிறதா என்று பதிவுக் கோப்பில் பாருங்கள். பிடிஆர் கிடைக்கும்வரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4இல் மட்டும் பேசச் சொல்லலாம்.

இரண்டாவது எஸ்பிஎஃப். உங்கள் டொமைன் பெயரால் எந்த ஐபி முகவரிகள் அனுப்பலாம் என்ற அறிவிப்பு அது. ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். செய்திமடல் நிறுவனம் ஒன்று சொன்னதென்று இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, இரண்டையும் ஒன்றாக இணைத்து எழுத வேண்டும். அதை மதிப்பிடும்போது டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் பதிவு பிழையாகிவிடும்.

மூன்றாவது டிகிம் கையொப்பம். கடிதம் உங்கள் டொமைனுக்குரியது, வழியில் மாற்றப்படவில்லை என்று அது காட்டும். நான்காவது டிமார்க். இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் வழங்கிக்குச் சொல்லும் அறிவிப்பு அது. டிமார்க்கில் பலர் இடறுவது ஒரே இடத்தில்: எஸ்பிஎஃப் வெறுமனே தேறினால் போதாது, தேறிய டொமைனும் பெறுநர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியின் டொமைனும் பொருந்த வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று அவ்வாறு பொருந்தினால் டிமார்க் தேறும். கடிதம் வேறொரு முகவரிக்கு முன்னனுப்பப்படும்போது எஸ்பிஎஃப் முறிந்துவிடும், உள்ளடக்கம் மாறாதவரை டிகிம் நிலைக்கும். ஆகவே எதற்கு அதிக உழைப்பைத் தருவது என்று கேட்டால் டிகிம் என்றே சொல்வேன்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புவோரிடம் மூன்றையுமே கேட்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்தும் புதிய வழங்கியின் கடிதங்கள் சில காலம் எரித அடைவுக்குப் போகலாம். முன்பு அந்த ஐபி முகவரியில் குடியிருந்தவர் செய்த வினையும் உங்கள் கணக்கில் இருக்கக்கூடும்.

ஓப்பன்டிகிம் ஓடுகிறது, ஆனால் கடிதத்தில் கையொப்பம் இல்லை.

டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் 'சிரூட்' என்ற சிறைக்குள், தம் வரிசைக் கோப்புறையையே உலகத்தின் எல்லையாகக் கொண்டு ஓடுகின்றன. ஓப்பன்டிகிம் தன் சாக்கெட்டை அதற்கு வெளியே வைத்தால் போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது தெரியாது. சாக்கெட்டை வரிசைக் கோப்புறைக்குள் ஒரு கோப்புறையில் வைத்து, போஸ்ட்ஃபிக்ஸ் பயனரை ஓப்பன்டிகிம் குழுவில் சேர்க்க வேண்டும். ஓப்பன்டிகிம் போன்று போஸ்ட்ஃபிக்ஸுடன் இணையும் வெளி வடிகட்டிக்கு மில்டர் என்று பெயர். இணையத்தில் உலவும் வழிகாட்டிகள் பலவற்றில் 'மில்டர் டிஃபால்ட் ஆக்ஷன்' என்பதை 'அக்செப்ட்' என்று வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் சாக்கெட் எட்டாதபோது கடிதம் கையொப்பமில்லாமல் சத்தமின்றிப் போய்விடும். சோதிக்கும் நாள்களிலாவது அதை இயல்புநிலையில் விட்டுவையுங்கள், பழுது உடனே கண்ணில் படும்.

பயனர் அனுப்பும் கடிதத்தில் கையொப்பம் இருந்து, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் அல்லது வலைத்தளம் அனுப்புவதில் மட்டும் இல்லையென்றால், எஸ்எம்டிபி வழியாக வராத கடிதங்களுக்கான மில்டர் வரி விடுபட்டிருக்கிறது. கையொப்ப அட்டவணையில் நட்சத்திரக் குறி இட்டிருந்தால் கோப்பின் பெயருக்கு முன் 'ரீஃபைல்' என்று எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரம் வெறும் நட்சத்திரமாகவே கொள்ளப்படும். ஓப்பன்டிகிம்-டெஸ்ட்கீ கட்டளை 'கீ நாட் செக்யூர்' என்று சொல்வது பிழையன்று. உங்கள் டொமைனில் டிஎன்எஸ் பதிவுகளுக்கே கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

வழங்கியில் டிஎன்எஸ் வேலை செய்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் 'நேம் சர்வீஸ் எர்ரர்' என்கிறது.

அதே சிறைதான் காரணம். பெயர் தேடும் முகவரிகளைச் சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் நகல் ஒன்று சிறைக்குள்ளும் இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது அது படியெடுக்கப்படுகிறது. அதன்பின் வலையமைப்பு மாறினால் வெளியே உள்ளது புதியது, உள்ளே உள்ளது பழையது. போஸ்ட்ஃபிக்ஸை மீண்டும் தொடங்கினால் சரியாகிவிடும்.

எதையும் மாற்றாமலே ஒரு நாள் திடீரென எல்லா உள்வரவுக் கடிதங்களும் மறுக்கப்பட்டன. எப்படி?

எரிதத் தடைப்பட்டியல் ஏதேனும் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். ஸ்பாம்ஹவுஸ் போன்றவை டிஎன்எஸ் கேள்வி வழியாகப் பதில் தருகின்றன: ஐபி பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்ற முகவரி வரும், இல்லாவிட்டால் எதுவும் வராது. டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுத் தீர்வி வழியாகக் கேட்பவருக்கு ஸ்பாம்ஹவுஸ் விடை தருவதில்லை. மாறாக 127.255.255.254 என்ற எச்சரிக்கை எண்ணைத் தருகிறது. எந்த எண் வந்தாலும் மறு என்று எழுதியிருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த எச்சரிக்கையையே தீர்ப்பாகக் கொண்டு உலகம் முழுவதையும் மறுக்கும். வழங்கியை வாடகைக்கு விட்டவர் தீர்வியின் முகவரியை மாற்றினால் போதும், நீங்கள் ஒன்றும் செய்யாமலே இது நேரும்.

அன்பவுண்ட் போன்ற சொந்தத் தீர்வி ஒன்றை வழங்கியிலேயே ஓட்டுவதும், 127.0.0.2 முதல் 11 வரையிலான விடைகளுக்கு மட்டும் மறுக்கும்படி எழுதுவதும் இதற்குரிய மருந்து. மூடப்பட்ட பட்டியல்களையும் அமைவிலிருந்து நீக்கிவிடுங்கள். நெடுங்காலம் இயங்கிய சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது.

சான்றிதழைப் புதுப்பித்தாயிற்று, ஆனாலும் கைப்பேசி காலாவதியானது என்கிறது.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாள்களுக்கு வழங்கப்பட்டு வந்தன, அவை தானாகவே புதுப்பிக்கப்படுகின்றன. கோப்பு புதியது, டவ்காட் நினைவில் வைத்திருப்பதோ பழையது. புதுப்பிப்பு முடிந்ததும் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோடு செய்யும் சிறு கட்டளையை செர்ட்பாட்டின் டிப்ளாய் கொக்கியில் சேர்த்துவிட்டால் இது திரும்ப வராது. கணினியில் சரியாகவும் கைப்பேசியில் தவறாகவும் தெரிந்தால் முழுச் சங்கிலிக் கோப்புக்குப் பதிலாகத் தனிச் சான்றிதழைக் கொடுத்திருப்பீர்கள்.

ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாக இணைந்து கையால் சோதிக்கும்போது பெறுநர் முகவரியைத் தட்டியதும் இணைப்பு குழம்பிவிடுகிறது.

அது வழங்கியின் குற்றமன்று. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சோதனைக் கருவி, பெரிய 'ஆர்' எழுத்தில் தொடங்கும் வரியை மறையாக்கத்தை மீண்டும் பேசித் தீர்க்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. பெறுநரைக் குறிக்கும் எஸ்எம்டிபி கட்டளையும் அதே எழுத்தில் தொடங்குகிறது. சிற்றெழுத்தில் தட்டுங்கள், எஸ்எம்டிபிக்கு இரண்டும் ஒன்றுதான். அடிக்கடி சோதிப்பவர்கள் ஸ்வாக்ஸ் என்ற கருவியைப் பழகிக்கொள்ளலாம்.

எட்டு எம்பி இணைப்புக் கோப்பு ஏன் போகவில்லை? எல்லை பத்து எம்பி அல்லவா?

இயல்பான எல்லை 1,02,40,000 பைட். ஆனால் இணைப்புக் கோப்புகள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 37 விழுக்காடு பருத்துவிடும். ஏழரை எம்பிக்கு மேற்பட்ட கோப்பு எல்லையைத் தாண்டிவிடுகிறது. எல்லையை உயர்த்தும்போது 'மெயில்பாக்ஸ்' அளவு எல்லை அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. வட்டில் கடித எல்லையைப்போல் ஒன்றரை மடங்கு இடம் இல்லாதபோதும் போஸ்ட்ஃபிக்ஸ் 452 என்று மறுக்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டெபியன் 13க்கு மாறியதும் டவ்காட் தொடங்கவே மறுக்கிறது.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் டவ்காட் 2.4 இருக்கிறது, அதன் அமைவு மொழி பழைய 2.3உடன் ஒத்துப்போவதில்லை. கோப்பின் தொடக்கத்திலேயே அமைவின் பதிப்பு எண்ணைச் சொல்ல வேண்டும். பெட்டியின் இடத்தைக் குறித்த ஒற்றை வரி இப்போது வகை, பாதை என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, சான்றிதழ் வரிகளின் பெயர்களும் மாறிவிட்டன. பழைய கோப்பை ஒட்டுப்போடுவதைவிட டவ்கான்ஃப் கட்டளையால் பழைய அமைவை ஒரு தாளில் எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவதே விரைவானது. மேம்படுத்தும் முன்பே அதை எடுத்துவைக்க வேண்டும், பிறகு அந்தக் கட்டளையும் பழைய கோப்பைப் படிக்காது.

அமைவை மாற்றும்போது வரும் கடிதங்களை இழக்காமல் இருக்க வழி உண்டா?

உண்டு. 'சாஃப்ட் பவுன்ஸ்' என்பதை 'எஸ்' என்று வைத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் தரும் 5 வகை மறுப்புகள் 4 வகையாகிவிடும், அனுப்பிய வழங்கிகள் கடிதத்தைக் கைவிடாமல் திரும்ப முயலும். வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். மாற்றிய பின் போஸ்ட்கான்ஃப் கட்டளையை 'என்' விருப்பத்துடன் ஓட்டி, நீங்கள் எழுதியதைப் போஸ்ட்ஃபிக்ஸ் எப்படிப் புரிந்துகொண்டது என்று பாருங்கள். வரியின் தொடக்கத்தில் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சியாகிவிடும் என்பது அங்கேதான் தெரியவரும்.

வரிசையில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் நிற்கின்றன, எதுவும் நான் அனுப்பியதில்லை.

யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள். அழிக்க அவசரப்படாமல் முதலில் போஸ்ட்சூப்பர் கட்டளையால் எல்லாவற்றையும் பிடித்துவைத்து, பதிவுக் கோப்பில் ஒரு கடிதத்தின் வரிசை எண்ணைத் தேடுங்கள். 'சாசல் யூசர்நேம்' என்று ஒரு பெயர் இருந்தால் அந்தப் பயனரின் கடவுச்சொல் களவுபோயிருக்கிறது. அதை மாற்றி, போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் மீண்டும் தொடங்குங்கள், திறந்திருக்கும் இணைப்புகளும் அறுந்துவிடும். 'பிக்கப்' என்ற சொல்லுடன் யூஐடி 33 என்று இருந்தால் டெபியனில் அது வலை வழங்கியின் பயனர் எண். ஓட்டை உங்கள் வலைத்தளத்தின் ஏதோ ஒரு படிவத்தில் அல்லது செருகுநிரலில் இருக்கிறது, அதை அடைக்கும்வரை கடவுச்சொல் மாற்றுவதால் ஒன்றும் ஆகாது.

ஓட்டையை அடைத்த பிறகு அந்த அனுப்புநரின் கடிதங்களை மட்டும் அழித்து, மற்றவற்றை விடுவிக்கலாம். ஒருவர் தம்முடையதல்லாத முகவரியால் அனுப்புவதைத் தடுக்கும் விதியையும், ஒரு மணி நேரத்தில் இத்தனை கடிதம்தான் என்ற வரம்பையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். ஐபி முகவரி தடைப்பட்டியலில் ஏறியிருந்தால் நீக்கக் கோரும் விண்ணப்பத்தைக் கடைசியாகவே அனுப்ப வேண்டும். கசிவு நிற்காத நிலையில் விண்ணப்பித்தால் மறுநாளே முகவரி மீண்டும் பட்டியலில் ஏறும், அடுத்த முறை கேட்கும்போது முன்போல எளிதில் நீக்க மாட்டார்கள்.